எல்பாஃபில் ஏன் இறங்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்கொள்ளையன் லூஃபியும் அவன் குழுவும் புதையல் தேடிப் போகும் 'ஒன் பீஸ்' மாங்காவை (ஜப்பானியப் படக்கதை) பள்ளி நாட்களிலிருந்து படித்து வருகிறேன். வானோ நாட்டில் நடக்கும் பகுதி மட்டும் 149 அத்தியாயம், நான்கு வருஷம். பாதியில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதே மறந்துபோனது. கதை இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக அதை எழுதி வரையும் ஓடாவே அறிவித்தார். வானோவுக்கு அடுத்து வந்த எக்ஹெட் தீவுக் கதை முடிந்ததும் நேராகப் புதையலுக்குப் போவார்கள் என்றிருந்தேன். மறுபடியும் ஒரு தீவு, எல்பாஃப்; மறுபடியும் ஒரு நீண்ட ஆர்க் (கதைப் பகுதி). இழுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. வானோவை அடக்கி ஆண்ட கைடோவின் கோட்டைத் தீவான ஒனிகாஷிமாவில் நடக்கும் சண்டையில் மாடிக்கு ஒரு மோதல், எதையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவல். வாராவாரம் காத்திருந்து படித்த எனக்கும் பல இடங்களில் இழை அறுந்தது. அங்கே ஓடா சுருக்கியிருக்கலாம். ஆனால் 'இழுக்கிறார்கள்' என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வானோ எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள். டாமா என்ற சிறுமி தன் சோற்றை லூஃபிக்குக் கொடுத்துவிட்டு, பசி தாங்காமல் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து விஷம் ஏறிச் சுருண்டு விழுகிறாள். ஆலைக் கழிவு கலந்த ஆறு அது. பிறகு வானோவிலேயே எபிசு என்ற ஊர். அங்கே எல்லோரும் எந்நேரமும் சிரிக்கிறார்கள். நாமும் வேடிக்கையான ஊர் என்றே நினைக்கிறோம். அந்த ஊரில் வாழ்ந்த யாசுயியே என்பவரைச் சிலுவையில் கட்டிச் சுட்டுக் கொல்லும்போது அவருடைய மகள் டோகோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. ஏன் சிரிக்கிறீர்கள் என்று லூஃபியின் தோழன் சோரோ கொதிக்கிறான். 'ஸ்மைல்' என்ற செயற்கைப் பழங்களில் பழுதானவற்றைத் தின்றதால் அந்த ஊராருக்கு அழவோ கோபப்படவோ முடியாது என்பது அப்போதுதான் தெரியவருகிறது. அந்தப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அந்த ஊரில் பல வாரம் நாமும் சிரித்துக்கொண்டு திரிந்திருக்காவிட்டால் அந்தச் சாவு அப்படிச் சுட்டிருக்காது. இருபது அத்தியாயத்தில் கைடோவை வீழ்த்தியிருக்க முடியும்தான். ஆனால் விடுதலை பெறும் நாடு எது என்று நமக்குத் தெரிந்திருக்காது.

எல்பாஃபுக்கு வருகிறேன். இது புதிதாக முளைத்த தீவு இல்லை. லிட்டில் கார்டன் என்ற தீவில் டோரி, புரோகி என்ற இரண்டு அரக்கர்கள் நூறு வருஷமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்களே, அவர்களுடைய ஊர். அந்தத் தீவிலிருந்து கிளம்பும் லூஃபி குழுவின் கப்பலைப் பிரம்மாண்டமான மீன் விழுங்க வருகிறது. எங்களை நம்பி நேராகப் போங்கள் என்கிறார்கள் இருவரும். கப்பல் மீனின் வாய்க்குள்ளேயே போகிறது. ஒரே வீச்சில் மீனைத் துளைத்து வழி திறந்துவிடுகிறார்கள். குழுவில் பொய் சொல்லியே பயத்தை மறைத்துவந்த உசோப் அன்று, என்றாவது எல்பாஃபுக்குப் போயே தீருவேன் என்று முடிவெடுக்கிறான். அது வந்தது 2000ஆம் ஆண்டு வாக்கில். எல்பாஃப் ஆர்க் தொடங்கும் 1126ஆம் அத்தியாயம் 2024 செப்டம்பரில். ஐந்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்கியவர், ஒரு கோழைப் பையனுக்குக் கொடுத்த வாக்கை இருபத்து நான்கு வருஷம் சுமந்து வந்திருக்கிறார்! உசோப் அங்கே கால் வைக்காமல் புதையல் கிடைத்து என்ன பயன்?

அவன் மட்டுமா? குழுவில் இன்னொருத்தியான ராபினை, அவளுடைய ஊர் ஒஹாரா எரிந்தபோது எட்டு வயதில் காப்பாற்றி, துன்பம் வந்தால் சிரி என்று சொல்லிக்கொடுத்த சௌல் உயிரோடு இருப்பதும் அங்கேதான். 22 வருஷம் கழித்து நடக்கும் அந்தச் சந்திப்பை இரண்டு பக்கத்தில் முடித்திருந்தால் நீங்களே கோபத்தோடு எனக்கு எழுதியிருப்பீர்கள்.

ஒரு யோசனை. வாராவாரம் படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இடையிடையே விடுமுறை வேறு வருவதால், பதினைந்து அத்தியாயமாவது சேர்ந்தபின் மொத்தமாக உட்காருவது நல்லது. வானோவையும் நான் இரண்டாம் முறை அப்படித்தான் படித்தேன். அறுந்த இழைகள் பல தாமாகவே ஒட்டிக்கொண்டன.

அதற்கு முன் லிட்டில் கார்டன் வரும் 115 முதல் 129 வரையும், பிறகு ஒஹாரா வரும் 391 முதல் 398 வரையும் மறுபடி படித்துவிடுங்கள். மொத்தம் 23 அத்தியாயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த மீனின் வாயைத் தாண்டியதும் உசோப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, 1126ஐத் திறங்கள்.