பெஞ்சில் இருக்கும் அந்த ஏழு பேர்

இந்த வாரம் கூடைப்பந்துக் கேள்விகள் மட்டும். கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கு இது சீசனின் நடுக்கட்டம். செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஆட்டங்களை நிறுத்திவைத்திருந்தன. இப்போதுதான் சிமென்ட் கோர்ட்டுகள் காய்ந்திருக்கின்றன. மிச்ச லீக் ஆட்டங்களைப் பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

"மேடம், நான் ஒரு மகளிர் கல்லூரி டீம் கேப்டன். காலேஜ் பேர் போட வேண்டாம். ஆரம்பத்துல நல்லா ஆடினோம். இப்போ ஜெயிச்சதைவிட தோத்தது ஒண்ணு அதிகம். தோத்த மேட்ச் எல்லாத்துலயும் ஹாஃப் டைம் வரைக்கும் நாங்கதான் லீடிங். கடைசி குவார்ட்டர்ல விட்டுடறோம். ஷூட்டிங் பிராக்டீஸை டபுள் பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஸ்கோர்ஷீட் போட்டோ அனுப்பியிருக்கேன். இன்னும் மூணு மேட்ச். முதல்ல டேபிள் டாப்பர், அடுத்தது எங்களோட சமமா பாயின்ட் வெச்சிருக்கிற டீம், கடைசியா டேபிள்ல கடைசி டீம். என்ன பண்ணலாம்?" (ஒரு கேப்டன், வட சென்னை)

கண்ணு, ஸ்கோர்ஷீட் அனுப்பினாய் பார், அதற்கே ஒரு சபாஷ். தோல்விக்குக் காரணம் கேட்கிறவர்கள் கடைசி ஸ்கோரை மட்டும் எழுதிவிட்டு, "என்ன மேடம் இப்படி ஆயிடுச்சு?" என்பார்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவரை, ஆட்டம் முடிந்ததும் நான் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் காகிதத்தைத்தான்.

முதல், மூன்றாம் குவார்ட்டர்களைச் சிவப்பு மையிலும், இரண்டாம், நான்காம் குவார்ட்டர்களை நீலத்திலோ கறுப்பிலோ எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் ஸ்கோரர் ஒழுங்கானவர், அப்படியே எழுதியிருக்கிறார். அதனால் நாலாவது குவார்ட்டரைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. எண்ணின் மேல் சாய்கோடு இருந்தால் அது ஆட்டத்தின் ஓட்டத்தில் விழுந்த பாஸ்கெட். கறுத்து நிரப்பிய வட்டம் இருந்தால் ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காகக் கிடைத்த தடையில்லா எறிதல். தோற்ற ஆட்டங்களில் எதிரணிப் பக்கத்தைப் பார். கடைசிப் பகுதியில் சாய்கோடு குறைவு, வட்டம் வட்டமாக இறங்கிக்கொண்டே போகிறது. உங்கள் பக்கம் டீம் ஃபவுல் கட்டம் நாலும் அடைபட்டுக் கிடக்கிறது. ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு தடுப்பாட்ட ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. உங்களை யாரும் பிரமாதமாக ஷூட் பண்ணி ஜெயிக்கவில்லை. நீங்களே அவர்களை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அழைத்துப் போய் நிற்கவைத்திருக்கிறீர்கள்.

இதற்கு ஷூட்டிங் பயிற்சி என்ன செய்யும்? கால் நகராதபோது கை நீளும், கை நீண்டால் விசில். கால் ஏன் நகரவில்லை என்பதற்கும் அதே காகிதத்தில் பதில் இருக்கிறது. பேர்ப்பட்டியலுக்குப் பக்கத்துக் கட்டத்தில், களத்தில் இறங்கியவருக்கு ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். தொடக்க ஐவருக்கு அந்தக் குறியைச் சுற்றி வட்டம். உங்கள் பட்டியலில் பன்னிரண்டு பேர். குறி இருப்பது ஏழு பேருக்கு. வட்டம் இல்லாத அந்த இரண்டு பேர் பெயரிலும் ஒரு புள்ளியும் இல்லை, ஒரு ஃபவுலும் இல்லை. அவர்கள் எவ்வளவு நேரம் ஆடியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டாம். மற்ற ஐந்து பேர் பெயரும் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் போலிருக்கிறது.

28 மீட்டர் நீளக் கோர்ட்டில், 24 விநாடிக்கு ஒரு தடவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும், 40 நிமிஷம் ஐந்தே பேர். அதுவும் தேர்வுக்காக மூன்று வாரம் பயிற்சி விட்ட கால்களோடு! ஹாஃப் டைம் வரை லீடிங் என்பது உங்கள் திறமை. அதற்குப் பிறகு நடப்பதற்கு உங்கள் பெஞ்சைக் கேட்க வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு முன் புது ஆட்டமுறை எதுவும் கற்றுக்கொள்ளாதீர்கள். நேரமில்லை, குழப்பம்தான் மிஞ்சும். இரண்டாவது குவார்ட்டரின் முதல் நாலு நிமிஷத்துக்குப் பெஞ்சிலிருந்து மூன்று பேரை இறக்குங்கள். ஐந்து பேரையும் ஒரேயடியாக மாற்றினால் பந்தை மேலே கொண்டுபோக ஆளிருக்காது. ஆகவே பாயின்ட் கார்டும் உயரமான பெண்ணும் நிற்கட்டும். அந்த நாலு நிமிஷம் மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் காவல்) வேண்டாம், 2-3 ஜோன் (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் நின்று இடத்தைக் காப்பது) போடுங்கள். இடம் மாறி நிற்கத் தெரிந்தால் போதும், புதுப் பெண்களும் சமாளிப்பார்கள். அதில் நாலைந்து புள்ளி போனாலும் போகட்டும், கடைசி குவார்ட்டரில் வட்டிபோட்டுத் திரும்பி வரும். மூன்றாவது குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிஷத்திலும் அப்படியே.

இன்னொன்று, முதல் பாதிக்குள்ள இரண்டு டைம்-அவுட்டில் ஒன்றைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. சேர்த்துவைத்தால் இரண்டாம் பாதிக்கு வரும் என்று யாராவது சொன்னார்களா? வராது. இரண்டாம் பாதிக்கு மூன்று தனியாக உண்டு. முதல் பாதி டைம்-அவுட்டைத் தண்ணீர் குடிக்கவாவது எடுங்கள்.

பயிற்சியில் ஃப்ரீ த்ரோவைச் சும்மா நின்று ஐம்பது போடாதீர்கள். கோர்ட்டை முழுசாக இரண்டு ஓட்டம் ஓடிவிட்டு, மூச்சு இரைக்க இரைக்க இரண்டே இரண்டு போடுங்கள். மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. களத்தில் அப்படித்தானே வரும்?

இதையெல்லாம் கோச்சிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உன் அடுத்த தலைவலி. "பெஞ்சை இறக்குங்க சார்" என்று போய் நிற்காதே, எந்தக் கோச்சுக்கும் பிடிக்காது. ஸ்கோர்ஷீட்டைக் கையில் கொடுத்து, "இந்த வட்டத்தையெல்லாம் எப்படி சார் குறைக்கிறது?" என்று கேள். அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும்.

நீ கணிப்பு கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: டேபிள் டாப்பரிடம் தோற்பீர்கள். அந்த ஆட்டத்தில் புதுப் பெண்களை நிறைய ஆடவிடுங்கள். சம புள்ளி அணியோடு நடப்பதுதான் உங்கள் சீசன். கடைசி அணியை அலட்சியம் பண்ணாமல் இருந்தால் ஜெயிப்பீர்கள்.

"அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தைக் கோடிக்கணக்கில் பார்க்கிறார்களாமே, உண்மையா? அங்கே எல்லாம் ஸ்டார் ஆட்டக்காரர்களுக்காகத்தானே?" (ஒரு கல்லூரி மாணவர், குரோம்பேட்டை)

உண்மைதான். 2024 ஏப்ரலில் சவுத் கரோலினா, ஐயோவா பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே நடந்த இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் சராசரியாக 1.8 கோடிக்கு மேல். அந்த வருஷம் ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். கூட்டம் கூடியது கெய்ட்லின் கிளார்க் என்ற ஸ்டாருக்காக என்பதும் சரி. முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளி அடித்து, ஐயோவாவை 27-20 என்று முன்னால் கொண்டுபோனார்.

ஆனால் கோப்பை யாருக்குப் போனது? 87-75 என்று சவுத் கரோலினாவுக்கு. அன்று அவர்கள் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளி 37. ஐயோவா பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாமாண்டுப் பெண், தொடக்க ஐவரில் இல்லாதவர், 19 புள்ளி போட்டார். பயிற்சியாளர் டான் ஸ்டேலி அந்த சீசன் முழுக்க ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மேலே உள்ள வட சென்னை கேப்டன் இந்தப் பதிலையும் படிப்பாள் என்று நம்புகிறேன்.

"லீக்கில் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி கொடுக்கிறார்களே, இது என்ன தர்மம்?" (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்)

தர்மம் இல்லை சார், ஆட்டத்துக்கு வரவைக்கிற தந்திரம். ஜெயித்தால் 2, தோற்றால் 1, வராமல் போனால் 0. அத்துடன் எதிரணிக்கு 20-0 என்று வெற்றியும் எழுதிவிடுவார்கள். "எப்படியும் தோற்கப்போகிறோம், பஸ் செலவாவது மிச்சம்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாதில்லையா?

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால், அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். மூன்று அணிகள் ஆளுக்கு ஒரு தடவை மற்றவரை ஜெயித்து நின்றால், அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம்தான் தீர்ப்பு. ஆகவே 15 புள்ளி பின்தங்கி, ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் அதை 9 ஆக்கினால் அதற்கு மதிப்பு உண்டு. நீங்கள் கேலரியிலிருந்து மூன்று நிமிஷம் முன்னதாகவே கிளம்புகிற ஆளாக இருந்தால், இனி உட்கார்ந்து பாருங்கள்.



"பெண்களுக்குப் பந்து சின்னதா?" (பள்ளி மாணவி, திருவொற்றியூர்)

ஆமாம். ஆண்களுக்கு 7-ம் நம்பர், நமக்கு 6. சுற்றளவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவு, எடையும் கொஞ்சம் குறைவு. ரிங் மட்டும் இருவருக்கும் 3.05 மீட்டர்தான், அதில் சலுகை கிடையாது.

"செகண்ட் ஹாஃப் வந்தா மூச்சு வாங்குது, கால் கனமாயிடுது. சோம்பேறின்னு டீம்ல கிண்டல் பண்றாங்க. நான் பிராக்டீஸ்க்கு ஒருநாள்கூட லீவ் போட்டதில்லை மேடம்." (இரண்டாமாண்டு மாணவி, அயனாவரம்)

கிண்டல் செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வா. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தாலும் பாதிக்கு மேல். அப்படியானால் ஓர் அணியின் பன்னிரண்டு பேரில் எத்தனை பேருக்கு இருக்கலாம் என்று நீயே யோசி. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிடு. மாத்திரை எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

மாதவிடாயில் போக்கு அதிகமா என்பதையும் டாக்டரிடம் சொல். அதைச் சொல்லாமல் விட்டால் பாதி விஷயம் சொன்ன மாதிரிதான். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவை. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. அசைவம் உண்டென்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) இருக்கவே இருக்கிறது. முகம் சுளிக்காதே, நான் ஆடிய காலத்தில் எங்கள் அம்மா வாரம் ஒருமுறை வறுத்துப் போடுவார், கேள்வி கேட்க உரிமை கிடையாது.

பயிற்சி ஒழுங்காகச் செய்தும் இரண்டாம் பாதியில் துவளுகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்கிற அணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாலாவது குவார்ட்டர் தோல்விகளில் எத்தனை இப்படி ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒளிந்திருக்கிறதோ!

"என் மகள் முதல் வருஷம். ஆவடியிலிருந்து விடியற்காலை ட்ரெயின் பிடித்துப் பயிற்சிக்குப் போகிறாள். இதுவரை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. இன்டர்னல் மார்க்கும் குறைந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?" (ஓர் அம்மா, ஆவடி)

அம்மா, மகள் நிறுத்தச் சொல்லிக் கேட்டாளா? அவள் கேட்கவில்லையென்றால் நீங்கள் கேட்காதீர்கள்.

தொடக்க ஐவர் தினமும் யாரை எதிர்த்து ஆடிப் பழகுகிறார்கள்? உங்கள் மகளைத்தான். அவள் அங்கே மெதுவாக ஓடினால், லீக்கில் அவர்களும் மெதுவாக ஓடுவார்கள். ஆனால் அதைச் சொல்லியே ஒரு பெண்ணை வருஷம் முழுக்க உட்காரவைப்பது அநியாயம். அவள் கோச்சிடம் "ஏன் இறக்கவில்லை?" என்று கேட்க வேண்டாம். "என்னைக் களத்தில் இறக்க நான் எதில் தேற வேண்டும்?" என்று கேட்கட்டும். டிஃபென்ஸா, இடது கை லே-அப்பா, ரீபவுண்டா என்று குறிப்பாகப் பதில் வந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு அதுதான் வேலை. "பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மார்க் விஷயத்தில் நீங்கள் கவலைப்படுவது நியாயம். ஓ.டி. (ஆட்டத்துக்குப் போன நாளுக்கான வருகை அனுமதி) கையெழுத்தானதா, தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்கிறார்களா என்று துறைத்தலைவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும். செமஸ்டர் கடைசியில் போய் நின்றால் யாரும் இரங்க மாட்டார்கள்.

"பெண்ணுக்கு இதில் வேலை கிடைக்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்." (ஒரு தகப்பனார், பெரம்பூர்)

பெரம்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! ரயில்வே பணியில் இருந்தபடி இந்தியாவுக்கு ஆடிய பெண்கள் இந்த ஊரில் உண்டு. சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர், தெற்கு ரயில்வே ஊழியர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்திலிருந்து வந்த கீத்து அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான்.

ஆனால் கல்லூரி லீக் சான்றிதழை மட்டும் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு அவள் போக வேண்டும். அந்த அணி தெற்கு மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. அங்கே வாங்கும் சான்றிதழுக்குத்தான் எடை. தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று பி.டி. மேடத்திடம் இந்த வாரமே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் அது நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்குள் தேதி முடிந்துவிடும். வாங்கிய சான்றிதழ்களை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், சரிபார்க்கும்போது சில இடங்களில் தகராறு பண்ணுவார்கள்.