அக்குளில் படியும் மஞ்சள் கறை: சில கேள்விகளும் பதில்களும்

சென்னையில் சலவைத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கடைக்கு வரும் சட்டைகளிலும் ரவிக்கைகளிலும் பெரும்பாலானவை அக்குள் கறையோடுதான் வருகின்றன. இந்தக் கோடையில் என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதுகும்தான் நனைகிறது, ஆனால் அக்குளில் மட்டும் சட்டை மஞ்சளாகி விறைத்துப்போவது ஏன்? (வேளச்சேரி, அலுவலக ஊழியர்)

முதுகில் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அக்குளில் அதனுடன் புரதமும் கொழுப்பும் கலந்த வியர்வையைச் சுரக்கும் வேறு வகைச் சுரப்பிகளும் உள்ளன. அதன்மேல் நீங்கள் வியர்வையை அடக்கும் ரோல்-ஆன் பூசும்போது, அதிலுள்ள அலுமினிய உப்புகள் அந்தப் புரதத்தோடு சேர்ந்து நூலிழைகளுக்குள் படிந்துவிடுகின்றன. மஞ்சள் நிறமும் அட்டை போன்ற விறைப்பும் பெரும்பாலும் இந்தப் படிவால் வருபவை.

டியோடரன்ட் வேறு, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேறு. முன்னது நாற்றத்தை மட்டும் குறைக்கும். பின்னது வியர்வை நாளங்களைத் தற்காலிகமாக அடைக்கும். புட்டியின் பின்புறம் அலுமினியம் என்ற பெயர் இருந்தால் அது இரண்டாவது வகை. அதைக் காலையில் குளித்த ஈரத்தோடு பூசி உடனே சட்டை மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரவில், உலர்ந்த தோலில், குறைந்த அளவே பூசுங்கள். வியர்வை குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும், காலைக் குளியலால் அதன் பயன் போய்விடாது, துணியிலும் ஒட்டாது.

ஓராண்டுக் கறையும் போகுமா? (பெரம்பூர்)

வெள்ளைப் பருத்தியானால் பெரும்பாலும் போகும், ஆனால் ஒரே துவைப்பில் போகாது. இரண்டு படிகளாகச் செய்யுங்கள். முதலில் ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, கறைப் பகுதியை அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அலுமினியப் படிவைத் தளர்த்துவது இந்தப் புளிப்புதான், வெறும் சோப்பு அதைத் தொடாது. அடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 6% வலுவுள்ளது. சம அளவு நீர் சேர்த்து 3% ஆக்கிக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து அதனுடன் சமையல் சோடாவையும் சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தையும் குழைத்து, துணியின் உட்புறத்தில் தடவி, பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்த்து, அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். சாயத் துணியானால் மடிப்பின் உட்புறத்தில் சிறிது வைத்துச் சோதிக்காமல் இதைத் தொட வேண்டாம்.

கறை முழுவதும் போனதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே இஸ்திரி போடுங்கள். மிச்சமிருக்கும் கறையின் மேல் சூடான பெட்டியை வைத்தால் அது துணியோடு இறுகிவிடும். அப்படி இறுகிய பிறகு கடைக்கு வரும் சட்டைகளில் பலவற்றை எங்களாலும் காப்பாற்ற முடிவதில்லை.

பள்ளிச் சீருடைக்கு பிளீச் ஊற்றினேன், மஞ்சள் கூடிவிட்டது. நீலம் போட்டால் சரியாகுமா? (மயிலாப்பூர், இரண்டு பிள்ளைகளின் தாய்)

குளோரின் பிளீச் வியர்வைப் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளைக் கூட்டும், அம்மா. பாலியெஸ்டர் கலந்த சீருடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர, எடுக்காது. மேலே சொன்ன இரண்டு படிகளையே பின்பற்றுங்கள், ஆனால் பிளீச் வாடை முழுவதும் போகும்வரை அலசிய பிறகு. பிளீச்சையும் எலுமிச்சை உப்பு, வினிகர் போன்ற புளிப்புப் பொருளையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லாத குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

முகூர்த்தப் பட்டு ரவிக்கையின் அக்குளில் சாயம் வெளுத்துவிட்டது. (தாம்பரம்)

வெளுத்த சாயம் திரும்பாது. மீண்டும் சாயமேற்றுவது ஒன்றே வழி. அடுத்த ரவிக்கையையாவது காப்பாற்றலாம். பட்டும் புரத இழைதான் என்பதால், புரதக் கறையைக் கரைக்கும் நொதி சேர்ந்த சோப்புத்தூள் பட்டையும் அரிக்கும். தைக்கும்போதே பருத்தி லைனிங் கொடுத்து, கழற்றித் துவைக்கக்கூடிய அக்குள் பட்டையையும் உள்ளே வைத்துத் தரும்படி தையற்காரரிடம் கேளுங்கள். விழா முடிந்து வந்ததும் பீரோவில் வைக்காமல் உட்புறத்தைத் திருப்பி நிழலில் உலரவிடுங்கள். சென்ட்டைச் சரிகையின் மேல் அடிக்க வேண்டாம்.

டிரை கிளீனிங்கிற்குக் கொடுக்கும்போது, இங்கே வியர்வை பட்டது என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். டிரை கிளீனிங் கரைப்பான் எண்ணெயைக் கரைக்கும். வியர்வையின் உப்பு நீரில் கரைவது என்பதால் அந்த இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சொல்லாவிட்டால் உப்பு துணியிலேயே தங்கி, மாதங்கள் கழித்துப் பழுப்பாகத் தெரியும்.

படிகாரக் கல் இயற்கையானதுதானே, அது கறை செய்யாதல்லவா? (அம்பத்தூர்)

படிகாரமும் அலுமினிய உப்புதான். நாற்றத்தைக் குறைக்க நல்லது. ஆனால் கறையே வராது என்று நம்பி ஈரத்தோடு சட்டை போடாதீர்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் துணி துவைக்கிறோம். அதனால் கறை கூடுமா? (மேடவாக்கம்)

கூடும். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைவிட அது கடினமானது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படியும், வியர்வையின் கொழுப்பும் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியின் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள்.