15 லட்சமா, 5 கோடியா? மருத்துவ அலட்சிய வழக்கில் இழப்பீடு கணக்காகும் விதம்

கேள்வி: என் தங்கையின் கணவருக்கு 38 வயது. தனியார் நிறுவனத்தில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து வயிறு உப்பிக் காய்ச்சலும் வந்தது. ‘வாயுதான், சரியாகிவிடும்’ என்று சொல்லிவந்தவர்கள், ஆறாம் நாள் பித்தநாளம் வெட்டுப்பட்டிருப்பதாகச் சொல்லி வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்துவிட்டார். முதல் மருத்துவமனைக்குக் கட்டியது 6.4 லட்சம். தங்கை, இரண்டு குழந்தைகள், அவருடைய அம்மா எல்லோரும் அவர் சம்பாத்தியத்தில்தான் இருந்தார்கள். இது நடந்து 14 மாதம் ஆகிறது. மருத்துவமனை 15 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. உறவினர்களோ ‘கொல்கத்தா வழக்கில் 11 கோடி கிடைத்ததே, 5 கோடி கேட்டு வழக்குப் போடு’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வது குணால் சாஹா வழக்கு. முதலில் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் 5 கோடிப் பேச்சு தானாக அடங்கும். 15 லட்சத்தையும் சரியாக எடைபோட முடியும்.

1998-இல் தோல் உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமை நோய்க்கு, அளவுக்கு மீறி ஸ்டீராய்டு ஊசி போட்டதில் அனுராதா சாஹா இறந்தார். அமெரிக்காவில் வாழ்ந்தவர். கணவர் மருத்துவர். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் வழங்கியது. புகார் கொடுத்த நாளிலிருந்து 6 சதவீத வட்டி சேர்ந்ததால் அது 11 கோடியைத் தாண்டியது. அந்த 6 கோடியில் 5.72 கோடி வருமான இழப்பு மட்டுமே. ஆண்டுக்கு 40,000 டாலர் சம்பாதித்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்கால உயர்வுக்கு 30 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 30 ஆண்டுகளால் பெருக்கி, டாலருக்கு 55 ரூபாய் வீதம் மாற்றினார்கள். அந்தப் பெண் அனுபவித்த வலிக்கும் வேதனைக்கும் கிடைத்தது 10 லட்சம். கணவர் மனைவியை இழந்ததற்கு 1 லட்சம். கணவர் கேட்டிருந்ததோ 77 கோடிக்கு மேல்.

நம் நீதிமன்றங்கள் துயரத்துக்குப் பெரிய விலை வைப்பதில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இது சரியா என்று கேட்டால் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் வழக்கை அந்தக் கணக்கின் மேல்தான் கட்ட வேண்டும்.

பெரிய தொகை வந்த மற்ற இரண்டு வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தார். 1990-இல் ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அறுவை சிகிச்சைக்குப் போன பொறியியல் மாணவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 15.5 லட்சம். 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை 1 கோடி ஆக்கியது. ஓட்டுநராகவும் உதவியாளாகவும் இருப்பவருக்கு மாதம் 2,000, செவிலியருக்கு 4,000, பிசியோதெரபிக்கு 3,000 என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 30 ஆண்டுக்குப் போட்டதில்தான் அந்தத் தொகையின் ஒரு பகுதி வந்தது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யவில்லை. குழந்தை பார்வை இழந்தது. அங்கும் தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி கொடுத்தது. அதில் அதுவரை ஆன மருத்துவச் செலவு மட்டும் ஏறக்குறைய 43 லட்சம். வாழ்நாள் முழுவதும் ஆகப்போகும் பராமரிப்புச் செலவு இருக்கும் வழக்கில்தான் தொகை ஏறும். மரண வழக்கில் வருமானம்தான் தொகையைத் தீர்மானிக்கும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். மோட்டார் விபத்து வழக்குகளில் பயன்படும் முறையை இங்கே ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டு வருமானம் 5.4 லட்சம். 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 7.56 லட்சம். நிரந்தரப் பணி என்று காட்ட முடிந்தால் 50 சதவீதம்கூடக் கேட்கலாம். நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும். மிச்சம் 5.67 லட்சம். இதை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்பதற்கு வயதை வைத்து ஒரு பெருக்கு எண் உண்டு; 38 வயதுக்கு அது 15. ஆக 85.05 லட்சம். கட்டிய பில் 6.4 லட்சத்தையும், துணையிழப்பு, இறுதிச்சடங்கு போன்ற சிறு இனங்களையும் சேர்த்தால் 92, 93 லட்சம் வரும். இரண்டாவது மருத்துவமனை பில் தனி. 5 கோடி கேட்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் எங்கே என்ற முதல் கேள்வியிலேயே நிற்க வேண்டிவரும்.

இந்தப் பெருக்கு முறையை மருத்துவ வழக்கில் அப்படியே பின்பற்றக் கட்டாயமில்லை என்று சாஹா தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அது இரண்டு பக்கமும் வெட்டும். எந்தக் கணக்கும் காட்டாமல் ‘மொத்தமாக 20 லட்சம்’ என்று முடித்துவிடும் ஆணைய உத்தரவுகளும் உண்டு. புகாரிலேயே மேலே உள்ள கணக்கை வரிவரியாக எழுதி, சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை இணைத்துவிடுங்கள். அப்போது தொகையைக் குறைப்பவர் எந்த வரியில் குறைக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும்.

இனி கடினமான பகுதி. 93 லட்சம் என்பது அலட்சியம் முழுவதும் நிரூபணமானால் மட்டுமே. லேப்ராஸ்கோப்பியில் பித்தநாளம் வெட்டுப்படுவது நல்ல கைகளிலும் எப்போதாவது நேர்கிற, புத்தகங்களில் உள்ள சிக்கல். திறமையுள்ள ஒரு சராசரி மருத்துவர் செய்திருக்கக்கூடியதையே இவரும் செய்தாரா என்பதுதான் கேள்வி. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல் இது. ‘வெட்டியதே தவறு’ என்று வழக்கைத் தொடங்கினால் தோற்க வாய்ப்பு அதிகம். உங்கள் பலம் மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் நடுவே இருக்கிறது. காய்ச்சலும் வயிற்று உப்பலும் வந்த பிறகு ஸ்கேன் எப்போது எடுத்தார்கள்? ரத்தத்தில் பிலிருபின் என்ற பித்த நிறமி, வெள்ளணு எண்ணிக்கை பார்த்தார்களா? மேல் சிகிச்சைக்கு அனுப்புவதில் ஏன் அந்தத் தாமதம்?

இதற்கு விடை நர்சிங் சார்ட்டிலும், அறுவை சிகிச்சைக் குறிப்பிலும், லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் நேரத்திலும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட்டையும், ஒப்புதல் படிவத்தையும் சேர்த்து, எழுத்து மூலம் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டோடு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தராமல் இழுத்தால் அந்த இழுத்தடிப்பும் உங்களுக்குச் சாதகமான சான்றுதான். ஆவணம் வந்ததும் வேறு ஊரில் உள்ள ஒரு குடல்-கல்லீரல் அறுவை மருத்துவரிடம் காட்டி எழுத்துப்பூர்வமான கருத்து வாங்குங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்த வழக்குக்கு அது பொருந்தும். உங்களுடையதற்கு நிபுணர் இல்லாமல் போகாதீர்கள்.

எங்கே வழக்குப் போடுவது என்பதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பழைய சட்டத்தில் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டதால் கோடி கேட்டவர் டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டிய தொகைதான் அளவு. 6.4 லட்சம் கட்டியிருப்பதால் நீங்கள் 93 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் 200 ரூபாய். தங்கை வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, மருத்துவமனை மேல்முறையீடு போக நினைத்தால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே பணம் கிடைக்காது. குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் தேவை, உங்கள் விவரத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

15 லட்சத்தை ஏற்பதா? ஆவணம் பார்க்காமல் ஏற்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். நான்காம் நாளே ஸ்கேன் எடுத்து, சந்தேகத்தைக் குறித்து, மருந்தும் மாற்றியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். அப்போது 15 லட்சம் மோசமான தொகை இல்லை. மூன்று நாளும் சார்ட்டில் காய்ச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போய், எதிரே எந்த நடவடிக்கையும் எழுதப்படவில்லை என்றால், முழுக் கணக்கில் ஆறில் ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போடுவது அவசரம். அந்த நிலையில் நான் 40 லட்சத்துக்குக் கீழே பேசமாட்டேன். மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, அதன் வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்மையில் பணம் தருவது காப்பீட்டு நிறுவனம்தான்.

சமரசம் என்றால் ஆணையத்தின் மத்தியஸ்த மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். மரணமோ கொடுங்காயமோ விளைந்த மருத்துவ அலட்சிய வழக்குகளை 2020 மத்தியஸ்த விதிகள் விலக்கிவைத்திருக்கின்றன. நீங்களே பேசி முடித்து, ஆணையத்தின் முன் கூட்டு மனுவாகப் பதிவு செய்யலாம். அதுவே பாதுகாப்பும்கூட. குழந்தைகள் மைனர்கள், அவர்கள் பங்கை நிலைவைப்பில் போட உத்தரவு கேட்கலாம். வெளியே வெள்ளைத்தாளில் எழுதினால் நாளைக்கு அவர்கள் பங்கு பற்றியே சிக்கல் வரும். பின்தேதிக் காசோலை வேண்டாம், வரைவோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தேதி. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம், அதில் 14 மாதம் போய்விட்டது. சமரசப் பேச்சு நடக்கிறது என்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. ‘அடுத்த மாதம் போர்டு மீட்டிங்’ என்று இழுப்பது இந்தத் துறையில் பழைய உத்தி. இந்த வாரமே ஆவணம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிடுங்கள். நான்கு மாதத்துக்குள் புகாரைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு பேச்சைத் தொடருங்கள். வழக்கு எண் விழுந்த பின் அவர்கள் சொல்லும் தொகையும் மாறும்.