டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பித்த பிறகு அரிப்பு, உறவின்போது எரிச்சல்

வணக்கம் சகோதரி. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்த பிறகு அரிப்பு, திரிந்த பால் போல வெள்ளைப்படுதல், உறவின்போது எரிச்சல், விலகினால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

இது உங்கள் சுத்தக்குறைவு இல்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலையே. அந்த இனிப்பில் கேண்டிடா என்ற பூஞ்சை நன்றாக வளரும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் அதை இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ என்றுகூட எழுதியிருக்கலாம். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? சீட்டில் எழுதி நீட்டுங்கள், போதும். பெரும்பாலும் பூஞ்சையைக் கொல்ல, பிறப்புறுப்புக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை தருவார்கள். மருந்துக்கடையில் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம். நீங்கள் சாப்பிடும் இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடோடு அது சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கக்கூடும். டெட்டால், வாசனை சோப்பு எதுவும் அந்தப் பக்கமே வேண்டாம்.

தொற்று ஆறியும் வறட்சி இருந்தால், சர்க்கரையால் நரம்பும் இரத்த ஓட்டமும் மந்தமானது காரணமாக இருக்கலாம். 48 வயது என்கிறீர்கள், மாதவிடாய் நிற்கும் பருவமும் சேர்ந்துகொள்ளும். நீர் சார்ந்த ஜெல் உதவும்.

அப்புறம் வீட்டுக்காரர். அவருக்கும் சர்க்கரை என்றால், நுனித்தோலில் சிவப்போ அரிப்போ இருந்தால் அவரும் காட்டவேண்டும். விறைப்பு குறைந்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. சிலருக்கு இதயக் குழாய் அடைப்பின் முதல் அறிகுறியே அதுதான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவரானால் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.