மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை: ‘புரத மருந்து’ வாங்கலாமா?

ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய ஜெர்சி கலப்புப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி (உறைய வைத்த காளை விந்தை உருக்கிக் கருப்பையில் செலுத்துவது) போட்டும் சினை நிற்கவில்லை. “உறைய வைத்ததில் விந்தணு மேலே இருக்கிற புரதம் கழன்றுவிட்டது. இந்த மருந்தைக் கலந்து போட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்” என்று ஒரு தரகர் 1,800 ரூபாய் கேட்கிறாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள் அம்மா. புரதம் கழல்கிறது என்று அவர் சொன்னது உண்மை. அதைக் காட்டித்தான் மருந்தை விற்கிறார்.

காளையிடமிருந்து வெளிவரும்போது விந்து நீரில் உள்ள சில புரதங்கள் விந்தணு மேல் பூச்சுபோல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சு முழுதாக இருக்கும்வரை விந்தணு முட்டைக்குள் நுழைய முடியாது. பசுவின் கருக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். முட்டை வரும் நேரத்தையொட்டிப் பூச்சு கழலும், மேல்சவ்வில் இருக்கும் கொழுப்பு குறைந்து சவ்வு இளகும், வால் வேகமாக அடிக்கும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். பெண் உடம்புக்குள் விந்தணு இப்படிப் பக்குவப்பட்டாக வேண்டும் என்பதை 1951இல் ஆஸ்டின், சாங் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, கழல வேண்டியதுதான் கழல்கிறது. திரும்ப ஒட்டவைத்து என்ன செய்யப் போகிறோம்? சிக்கல் வேறு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்திருந்து உருக்கும்போது, பல விந்தணுக்களில் இந்த மாற்றம் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. அதனால் உள்ளே போனபின் ஏறத்தாழ ஒரு நாள்தான் தாங்கும். பருவம் அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். பசு காலையில் கத்திக்கொண்டு வழும்பு (பருவத்தில் வடியும் கோழை) அடித்தால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நீங்கள் இரண்டு முறை காலையில் பருவம் கண்டு, மறுநாள் மதியம் ஊசி போட்டிருக்கிறீர்கள். அதற்குள் முட்டை வந்திருக்கும், விந்தணு பக்குவப்படுவதற்குள் அது வீணாகியிருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருவர் வர வேண்டும், அவருக்கு இன்னும் எத்தனையோ ஊர். மாடு அலுவலக நேரம் பார்த்தா பருவத்துக்கு வரும்? நான் பார்க்கும் ஊசி அட்டைகளில் தேதி இருக்கிறது, பருவம் கண்ட மணி இருப்பதில்லை. எத்தனை ஊசி போட்டோம் என்றுதான் கணக்குக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இன்னொன்று, உருக்கும் விதம். விந்து அடைத்த மெல்லிய குழாயைத்தான் குச்சி என்கிறோம். அதை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு உருக்குபவரைத் திருப்பி அனுப்புங்கள். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில், குச்சியைச் சொருகிப் போடும் ஊசிக்குழாயே சில்லென்று இருக்கும். அதைத் தேய்த்துச் சூடாக்காமல் குச்சியைச் சொருகினால், உருகிய விந்தணு குளிர் தாக்கிச் செத்துவிடும். வெந்நீர் பிளாஸ்க் ஒன்றை நீங்களே தயாராக வையுங்கள். நைட்ரஜன் கொள்கலன் இல்லாமல் ஐஸ் டப்பாவில் ‘வெளிநாட்டு விந்து’ கொண்டு வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கிடேரிக் கன்றுக்கென்று பாலினம் பிரித்த குச்சி வாங்கினால் மட்டும் நேரம் மாறும். சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு இருக்கும், இதில் சில பத்து லட்சம்தான். சாயம் ஏற்றி, இயந்திரத்தில் ஓட்டிப் பிரித்ததால் அவை இன்னும் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் தள்ளி, முட்டை வரும் நேரத்துக்கு நெருக்கமாகப் போட வேண்டும். காலை பருவத்துக்கு மாலை என்றால், இதற்கு இரவு. இரவில் மலைக்கு யார் வருவார்கள்? வருகிறேன் என்று ஒருவர் உறுதி சொல்லாதவரை அந்தக் குச்சிக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று முறை தவறிய பசுவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மூன்று முறை தவறிவிட்டதால், அடுத்த ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதித்துவிடுங்கள். வழும்பு கலங்கலாக இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். சரி, அடுத்த பருவம் சுமார் 21 நாளில் வரும். 18ஆம் நாளிலிருந்து காலை, மதியம், இரவு என்று போய்ப் பாருங்கள். முதலில் கண்ட மணியை அட்டையின் பின்பக்கம் எழுதி, ஊசி போட வருபவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.