அனுமானம் என்றால் வெறும் ஊகமா?

கேள்வி: 50,000 ரூபாய் கடனுக்குப் பிணையாக, கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கடனை வங்கி வழியாக அடைத்துவிட்டேன். இப்போது கடன் கொடுத்தவர் அந்தச் செக்கில் 5 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ‘கடன் இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கும்’ என்கிறது நோட்டீஸ். அனுமானம் என்பது ஊகம்தானே?

பதில்: பேச்சில்தான் அது ஊகம். தர்க்கத்தில், புகையைப் பார்த்து நெருப்பை அறிவது அனுமானம். சட்டத்தில் இரண்டுமில்லை: நெருப்பு உண்டு என்றே நீதிமன்றம் தொடங்கும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு செக்குக்கு வைத்திருப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஆனால் இந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. சாட்சியச் சட்டம் ‘அனுமானிக்கலாம்’, ‘அனுமானிக்க வேண்டும்’, ‘முடிவான சான்று’ என்று மூன்று படி வைத்திருக்கிறது. மூன்றாவதை அசைக்க முடியாது. உங்களுடையது இரண்டாவது, உடைக்கலாம். ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் பக்கம் நம்பத்தக்கது என்று தெரிந்தால் போதும் என்று 2010-இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கூண்டில் ஏறியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 5 லட்சம் அவரிடம் ஏது, எப்போது, எப்படிக் கொடுத்தார் என்று அவரையே குறுக்கு விசாரணையில் கேட்டு, அவர் வாயாலேயே அந்த அனுமானத்தை உடைக்கலாம். ‘வாங்கவில்லை’ என்று வெறுமனே மறுத்தால் மட்டும் நிற்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘நிரப்பியது என் எழுத்தில்லை, நிபுணருக்கு அனுப்பலாம்’ என்று சொல்லிப் பணம் கறக்க நீதிமன்ற வாசலில் தரகர்கள் காத்திருக்கிறார்கள். கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டபின், யார் நிரப்பினார் என்பதற்கு மதிப்பில்லை. உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘பேசி முடித்துத் தருகிறேன்’ என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

இவ்வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடுகின்றன. அந்த அலுப்பில்தான் வாங்காத கடனையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். இது பொறுக்க முடியாத கொடுமை.

நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள், கடன் அடைத்த வங்கிக் கணக்கு நகலுடன் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.