துருவை மின்சாரத்தால் அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: உலோகத்தை வெட்டிப் பார்க்காமல், எடை போடாமல் அரிப்பை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: உப்புநீரில் நிற்கும் இரும்புக்கு 10 மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்து, அதிர்வெண்ணை 1 லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 0.01 ஹெர்ட்ஸ் வரை இறக்குவோம். உச்ச அதிர்வெண்ணில் தெரிவது கரைசலின் தடை மட்டுமே. அடி அதிர்வெண்ணில் இரும்புப் பரப்பில் நடக்கும் வினையின் தடையும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய முனைவாக்கத் தடை. ஸ்டெர்ன், கியரி 1957-இல் தந்த சமன்பாட்டின்படி, துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக்கு வழக்கமாக எடுக்கும் 26 மில்லிவோல்ட்டை அந்தத் தடையால் வகுத்தால் அரிப்பு மின்னோட்டம் வந்துவிடும். தடை 2,600 ஓம்-ச.செ.மீ. என்றால் ச.செ.மீ.க்கு 10 மைக்ரோஆம்பியர். அதாவது ஆண்டுக்குச் சுமார் 0.12 மி.மீ. இரும்பு போகிறது. ஓமைப் பரப்பளவால் பெருக்க வேண்டும், வகுக்கக் கூடாது. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: மல்டிமீட்டர் போதாதா?

பதில்: போதாது.

கேள்வி: கைக்கு அடக்கமான எல்சிஆர் மீட்டர் (சுருள், கெபாசிட்டர், தடை ஆகியவற்றை அளக்கும் கருவி)?

பதில்: அது 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். துருவின் கதை அதற்குக் கீழேதான் தொடங்குகிறது.

கேள்வி: கடைசிப் புள்ளிகளுக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: 0.01 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 100 வினாடி. பொறுக்கத்தான் வேண்டும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு இன்னும் கீழே போக வேண்டிவரும். அந்தக் கம்பி துருப்பிடிக்காத நிலையில் இருந்தால் 26-க்குப் பதில் 52 போடுங்கள்.

கேள்வி: பெயிண்ட் பூச்சு?

பதில்: 0.1 ஹெர்ட்ஸில் 10 கோடி ஓம்-ச.செ.மீ.க்கு மேல் நின்றால் நல்ல பூச்சு. 10 லட்சத்துக்குக் கீழே வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

கேள்வி: அளவுகளை வரைபடமாகப் போட்டால் வரும் அரைவட்டம் அமுங்கி வருகிறது. அதற்குப் பொருத்தும் மாதிரி மின்சுற்றில் கெபாசிட்டரை எடுத்துவிட்டு சிபிஇ (முழுக் கெபாசிட்டராக நடந்துகொள்ளாத கணித உறுப்பு) போட்டேன், கச்சிதமாகப் பொருந்தியது. நண்பர் இது பித்தலாட்டம் என்கிறார்.

பதில்: பித்தலாட்டம் இல்லை. சொரசொரப்பான பரப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். சிபிஇ-யின் அடுக்கு (1 என்றால் அசல் கெபாசிட்டர்) 0.9 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 0.5-ஐ நெருங்கினால் நண்பர் பக்கம்தான் நானும்: பெரும்பாலும் அது விரவல் (கரைசலில் துகள்கள் மெல்லப் பரவுவது), அதைக் கெபாசிட்டர் என்று எழுதாதீர்கள். பொருந்தவில்லையே என்று உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த ஆறாவது தடை இரும்பில் எங்கே இருக்கிறது?

கேள்வி: நண்பர் நான்தான். 0.8 வந்தால்?

பதில்: பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி அளந்துவிட்டு இருவரும் சேர்ந்து வாருங்கள்.

கேள்வி: குழித் துரு தெரியுமா?

பதில்: கிடைப்பது முழுப் பரப்பின் சராசரி. ஓட்டை எங்கே என்று அது சொல்லாது.

கேள்வி: எனக்கு 40 ஓம் வருகிறது. நல்லதா, கெட்டதா?

பதில்: எத்தனை சதுர சென்டிமீட்டருக்கு?